செட்டிநாட்டு வளவில் ஸ்பானிஷ்: 3 வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மாண்டிசோரி முறையில் இரண்டாம் மொழி – முழுமையான வழிகாட்டி

காரைக்குடிக்குத் திரும்பி மூன்று வருஷம் ஆகிறது. கல்யாண வீடு, படைப்பு வீடு, பிள்ளையார்பட்டிக் கோயில் என்று எங்கே போனாலும் என் மகளைப் பார்த்து யாராவது கேட்டுவிடுவார்கள்: "பிள்ளை ஏதோ பேசுதே ஆச்சி, அது என்ன பாஷை?" ஸ்பானிஷ் என்றதும், "இந்த வயசுல எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க?" என்பார்கள். வெளிநாட்டிலிருந்து கைக்குழந்தையோடு ஊருக்கு வந்திருக்கும் பெண்கள் இன்னும் விவரமாகக் கேட்பார்கள். அங்கே டேகேரில் ஸ்பானிஷ் கேட்டு வளர்ந்த பிள்ளை இங்கே வந்து அதை மறந்துவிடுமோ என்ற கவலை அவர்களுக்கு.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆறு வருஷம், ஸ்பானிஷ் மட்டுமே பேசும் ஒரு மாண்டிசோரி வகுப்பில் உதவி ஆசிரியையாக இருந்தேன். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகள். மெக்சிகோவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்த சக ஆசிரியைகளிடம்தான் நானும் அந்த மொழியைக் கற்றேன். அங்கே பார்த்ததையும், இங்கே எங்கள் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) தப்பாகச் செய்து பிறகு திருத்திக்கொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டு இரண்டாம் மொழி ஸ்பானிஷாக இல்லாமல் ஆங்கிலமாகவோ இந்தியாகவோ இருந்தாலும் இதே வழிதான்.

தொடங்குமுன் கொஞ்சம் பின்னணி. மரியா மாண்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். 1936-இல் உள்நாட்டுப் போர் மூளும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவர் வாழ்ந்தது ஸ்பெயினின் பார்சலோனாவில். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர் காரணமாகத் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அதில் ஒரு பகுதி கொடைக்கானலில் கழிந்தது. ஆக, ஸ்பானிஷுக்கும் சரி, தமிழ்நாட்டுக்கும் சரி, இந்த முறை புதிதல்ல.

அவர் சொன்னதில் நமக்கு முக்கியமானது ஒன்று. பிறந்ததிலிருந்து 6 வயதுவரை குழந்தையின் மனம் சுற்றுப்புறத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. முதல் 3 வருஷம் அது தனக்கே தெரியாமல் நடக்கிறது. அதனால் இந்த வயதில் மொழியைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. அந்த மொழியில் குழந்தையோடு வாழ வேண்டும், அவ்வளவுதான்.

முதல் படி: யார் பேசப் போகிறார்கள்?

பொம்மை வாங்குவதற்கு முன், புத்தகம் தேடுவதற்கு முன், இதை முடிவு செய்யுங்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் மொழி எந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்றால், நடுராத்திரியில் குழந்தை வீறிட்டு அழும்போது சமாதானச் சொல் அந்த மொழியில் வாயில் வர வேண்டும். கொஞ்சவும் அதட்டவும் கதை சொல்லவும் வந்தால் போதும். இலக்கணத்தில் ஒன்றிரண்டு தப்பு வந்தால் பரவாயில்லை.

அப்படி ஆள் இல்லையென்றால் கைபேசியில் பாட்டு போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். 2003-இல் அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரின் குழு 9 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தது. ஆங்கிலம் மட்டுமே கேட்ட குழந்தைகளுக்கு 25 நிமிடம் வீதம் 12 முறை சீன மொழி கேட்க வைத்தார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து விளையாடிப் பேசியபோது, அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறிந்தார்கள். அதே ஆள் அதே பேச்சைத் திரையில் பேசியபோதும், ஒலியாக மட்டும் கேட்க வைத்தபோதும் பலன் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் சொன்னது, 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்று. 2 வயதுக்குப் பிறகும் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

ஸ்பானிஷ் பேச ஆள் இல்லாத வீட்டில் தமிழிலேயே இந்த வழிகாட்டி முழுவதையும் செய்யுங்கள். குழந்தைக்கு அது ஒரு குறையும் வைக்காது.

இரண்டாம் படி: தமிழுக்கு முதலில் இடம் போடுங்கள்

இங்கேதான் நான் தவறினேன். ஊருக்கு வந்த புதிதில் மகளுக்கு 14 மாதம். அங்கே கேட்டது போய்விடக் கூடாதென்று நாள் முழுக்க ஸ்பானிஷிலேயே பேசினேன். அவளை "சொல்லு, சொல்லு" என்று தூண்டவும் செய்தேன். இரண்டு வாரத்தில் அவள் பேச்சே குறைந்துவிட்டது. என் அம்மா, அதாவது அவளுடைய ஆயா, ஒருநாள் சாப்பாடு ஊட்டிக்கொண்டே சொன்னார்கள்: "ஏம் பேத்திகிட்ட நான் பேசணும்னா ஒன்ன வச்சுத்தான் பேசணும்போல." அந்தச் சொல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கே வீட்டைப் பிரித்தேன். ஆயாவும் ஐயாவும் (தாத்தா) தமிழ் மட்டும். அவர்கள் ஒரு ஸ்பானிஷ் சொல்லும் கற்க வேண்டியதில்லை. நான் காலை எட்டரையிலிருந்து பதினொன்றரைவரை, வளவை ஒட்டிய அறையிலும் முற்றத்திலும் ஸ்பானிஷ். மற்ற நேரம் தமிழ். குளிப்பாட்டுவது ஆயா, அதனால் குளியல் தமிழ். காலைச் சிற்றுண்டி நான், அதனால் அது ஸ்பானிஷ். இந்த வயதில் குழந்தை மொழியைப் பெயர் வைத்துப் பிரிப்பதில்லை. ஆளை வைத்தும் இடத்தை வைத்தும் பிரித்துக்கொள்கிறது. அந்த அடையாளம் தெளிவாக இருந்தால் போதும்.

உங்கள் வீட்டில் மூன்று மணி நேரம் முடியாது என்றால் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஆனால் தினமும் அதே நேரம், அதே ஆள். ஒரு நாள் ஐந்து மணி நேரம், அப்புறம் நாலு நாள் ஒன்றுமில்லை என்றால் ஒட்டாது. இன்னொன்று: அந்த நேரத்தில் மொழிபெயர்க்கக் கூடாது. "ஆகுவா, ஆகுவான்னா தண்ணி" என்று சொன்னால் குழந்தை தமிழுக்காகக் காத்திருக்கும். டம்ளரைக் கையில் கொடுத்து "ஆகுவா" என்றால் முடிந்தது.

மூன்றாம் படி: அறையைத் தயார் செய்தல்

மாண்டிசோரி முறையில் இதைச் சூழலைத் தயார்ப்படுத்துவது என்பார்கள். நம் ஊர் வீடுகளுக்கு இதில் பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தவழும் குழந்தைக்கு வெயில் காலத்தில் அத்தனை சுகம். வண்ணக் கோலங்கள் வேறு. முற்றத்திலிருந்து வெளிச்சமும் காற்றும் வருகின்றன. நாம் தரையில் உட்கார்ந்து பழகியவர்கள் என்பதால், குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்குவது நமக்குத் தனியாகக் கற்க வேண்டிய காரியமல்ல.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மெத்தையைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குங்கள். விழித்த குழந்தை தானே இறங்கி நகர முடிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். பக்கத்துச் சுவரில் தரையோடு ஒட்டி, உடையாத கண்ணாடி ஒன்றை உறுதியாகப் பொருத்துங்கள். குழந்தை எட்டும் உயரத்தில் ஒரு தாழ்வான அலமாரி, அதில் ஐந்தாறு பொருள் மட்டும். எல்லாப் பொம்மையும் ஒரே கூடையில் கொட்டிக் கிடந்தால் குழந்தை எதையும் எடுக்காது. வாரம் ஒருமுறை ஒன்றிரண்டை மாற்றுங்கள். தூளி தூங்குவதற்கு வழக்கமாக இருந்தாலும் விழித்திருக்கும் நேரம் தரைதான். தூளிக்குள் கிடந்தால் கை கால் நீட்டிப் புரளப் பழக முடியாது.

பழைய வீடு என்பதால் எச்சரிக்கையும் வேண்டும். உயரமான வாசற்படி, நிலைக்கதவின் கனம், முற்றத்தில் நீர் போகும் வழி, கிணறு, மச்சுக்கு ஏறும் செங்குத்துப் படிகள் என்று ஒவ்வொன்றையும் முழங்காலிட்டுத் தவழ்ந்தே ஒருமுறை பார்த்துவிடுங்கள். தரை மெத்தையை ராத்திரி விரிக்கும்போதும் காலையில் மடிக்கும்போதும் உதறுங்கள். தேளும் பூரானும் நம் ஊரில் சாதாரணம். கொசுவலை கட்டாயம்.

நான்காம் படி: பிறந்ததிலிருந்து 6 மாதம்வரை

புதிதாகப் பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ ஓர் அடி தூரத்துக்குள் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதனால் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேசுங்கள். துணி மாற்றும்போது, "இப்போ உன்னைத் தூக்கப் போறேன், இது வலது கை, இது இடது கை" என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஸ்பானிஷில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஹூஸ்டன் வகுப்பில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இதுதான். குழந்தையைச் சொல்லாமல் தூக்கக் கூடாது. பிறகு அது 'ஆ... ஊ...' என்று குரல் கொடுக்கும். அப்போது நிறுத்துங்கள். அது முடிக்கட்டும், பிறகு நீங்கள். உரையாடலின் முறை மாற்றம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

படுத்திருக்கும் குழந்தை பார்க்கத் தொங்கவிடும் பொருள்களுக்கு மாண்டிசோரியில் ஒரு வரிசை உண்டு. முதலில் கருப்பு வெள்ளை வடிவங்கள் கொண்ட முனாரி. பிறகு மூன்று வண்ண எண்முகிகள். அதன்பின் ஒரே நிறத்தின் ஐந்து சாயல்களில் நூல் சுற்றிய உருண்டைகள் கொண்ட கோபி. கோபியை நான் வீட்டிலேயே செய்தேன். கண்டாங்கிச் சேலையின் அரக்கு நிறம் மனதில் இருந்ததால் அந்த நிறத்திலேயே ஐந்து சாயல் நூல் வாங்கிச் சுற்றினேன். காற்றில் மெல்ல ஆடும்போது என் தங்கை மகன் இருபது நிமிடம் கண் எடுக்காமல் பார்த்தான். அப்படிப் பார்க்கும் நேரத்தில் பேசாதீர்கள். கவனத்தைக் கலைக்காமல் இருப்பதும் கற்பித்தல்தான்.

இந்த மாதங்களில் கேட்கும் ஒலிக்குத் தனி மதிப்பு உண்டு. பிறந்து சில மாதங்கள்வரை குழந்தையின் காது எந்த மொழியின் ஒலிகளையும் பிரித்துக்கொள்ளும். 10 முதல் 12 மாதத்துக்குள் தினமும் கேட்கும் மொழியின் ஒலிகளுக்கே அது பழகிவிடுகிறது.

ஐந்தாம் படி: 6 முதல் 14 மாதம்வரை

உட்காரத் தொடங்கியதும் கொட்டானை (ஓலைக் கூடையை) எடுங்கள். பனையோலைக் கொட்டானுக்குள் ஏழெட்டுப் பொருள்: சின்னப் பித்தளைக் கிண்ணி, மரக்கரண்டி, வழவழப்பாகத் தேய்த்த சிரட்டை, பட்டுத் துணித் துண்டு, கிலுகிலுப்பை. வாயில் வைத்தாலும் விழுங்க முடியாத அளவு, கூர்மை இல்லாதது, சாயம் போகாதது. குழந்தை ஒன்றை எடுத்துத் திருப்பி, நக்கி, கீழே போட்டுச் சத்தம் கேட்டு, பிறகு உங்களைப் பார்க்கும். அந்தப் பார்வை வந்ததும் பெயரைச் சொல்லுங்கள்: "குச்சாரா" (கரண்டி). ஒரு சொல் போதும்.

நிற்கத் தொடங்கியதும் நடைவண்டி. மாண்டிசோரி வகுப்புகளில் தள்ளிக்கொண்டு நடக்கும் வண்டி ஒன்று இருக்கும். நம் மூன்று சக்கர நடைவண்டி அதே வேலையைச் செய்கிறது. குழந்தையை உள்ளே உட்காரவைத்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கர் வேண்டாம். அது நடையைக் கற்பிப்பதில்லை, படியில் உருளும் ஆபத்து வேறு.

சாப்பாட்டுக்கு ஒரு சின்ன மணையும் அதற்கேற்ற உயரத்தில் ஒரு தாழ்வான மேசையும் போடுங்கள். சின்னக் கண்ணாடி டம்ளரில் இரண்டு மடக்குத் தண்ணீர். விழுந்தால் உடையும் என்பது குழந்தைக்கும் தெரிய வேண்டும். ஸ்பானிஷில் மேசைக்கு 'மேசா'. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த 'மேசை'யும் 'அலமாரி'யும் நம் வாயில் நானூறு ஐந்நூறு வருஷமாகப் புழங்குகின்றன. அவர்கள் மொழி ஸ்பானிஷின் உடன்பிறப்பு. ஐயாவிடம் இதைச் சொன்னதும், "அப்ப நமக்கும் கொஞ்சம் தெரியும்னு சொல்லு" என்றார். அன்றிலிருந்து அவருக்கு எங்கள் காலை நேரத்தின்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

ஆறாம் படி: 14 மாதம் முதல் 3 வயதுவரை

இதுதான் பெரிய பகுதி. இந்த வயதில் மாண்டிசோரி என்றால் வீட்டு வேலை என்றே சொல்லிவிடலாம். தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, கீரை ஆய்வது, வாழைப்பழம் நறுக்குவது, கைக்குட்டை துவைத்துக் கொடியில் போடுவது. மொழி இந்த வேலைகளின் மேல் ஏறி வரும்.

தண்ணீர் ஊற்றுவதை எப்படிக் காட்டுவது என்று சொல்கிறேன். ஒரு தட்டில் குழந்தையின் கைக்கு அடங்கும் சின்னச் செம்பு, அதில் பாதித் தண்ணீர். பக்கத்தில் ஒரு டம்ளர், மடித்த துணி. நீங்கள் குழந்தைக்கு வலப்பக்கம் உட்காருங்கள். இரண்டு கையாலும் செம்பை எடுங்கள். மெல்ல, மிக மெல்ல. டம்ளரின் விளிம்புக்கு மேல் கொண்டுவந்து நிறுத்துங்கள். செம்பைச் சாய்த்து ஊற்றுங்கள். கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருங்கள். கீழே வையுங்கள். தட்டில் சிந்திய ஒரு சொட்டைத் துணியால் ஒற்றுங்கள். இந்த நேரம் முழுக்க வாய் திறக்கக் கூடாது. கை காட்டும்போது வாயும் பேசினால் குழந்தை எதைப் பார்க்கும், எதைக் கேட்கும்? முடிந்தபின், "தோமா" (எடுத்துக்கோ) என்று செம்பை அதன் பக்கம் நகர்த்துங்கள்.

என் மகள் முதல் நாள் முழுவதையும் தட்டில் கொட்டினாள். இரண்டாம் நாளும். நான் செம்பைப் பிடுங்கவில்லை, துணியை மட்டும் நீட்டினேன். "எல் திராப்போ." துணி. மூன்றாம் வாரம் ஒரு காலையில், முற்றத்து வெயிலில் உட்கார்ந்து கடைசிச் சொட்டுக்காக அவள் காத்திருந்தாள். சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்து "மாஸ்" என்றாள். இன்னும் வேண்டும் என்று அர்த்தம். யாரும் சொல்லச் சொல்லாமல் அவளாகச் சொன்ன முதல் ஸ்பானிஷ் சொல் அது.

பெயர்ச்சொற்களைத் தனியாகத் தர மாண்டிசோரியில் மூன்று கட்டப் பாடம் உண்டு. ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடும் மூன்று பொருள் எடுங்கள். முதல் கட்டத்தில் நீங்கள் பெயர் சொல்கிறீர்கள்: பழம், கரண்டி, செருப்பு. இரண்டாம் கட்டத்தில், "கரண்டியை எனக்குக் கொடு", "செருப்பை வாசலில் வை" என்று ஓடவிடுகிறீர்கள். மூன்றாம் கட்டத்தில்தான் "இது என்ன?" என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு அவசரப்படாதீர்கள். இரண்டாம் கட்டத்திலேயே மாதக்கணக்கில் இருக்கலாம், குழந்தைக்கு அதுதான் விளையாட்டு. தப்பாக எடுத்துவந்தால் "இல்லை" என்று சொல்லாமல், எடுத்து வந்ததன் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். நிஜப் பொருள் முதலில், அதன் சின்ன உருவம் பிறகு, படம் கடைசியில்.

புத்தகத்துக்கு நான் அதிகம் செலவழிக்கவில்லை. வீட்டுத் திண்ணை, ஐயாவின் மூக்குக்கண்ணாடி, அடுப்பில் வெள்ளைப் பணியாரம் என்று பத்துப் படம் எடுத்து, அச்சுப்போட்டு, ஓரம் தைத்துப் புத்தகமாக்கினேன். கடையில் வாங்கியதைவிட அதைத்தான் அதிகம் கேட்கிறாள்.

ஒரு கவனம்: கடலை, பட்டாணி, மொச்சைக் கொட்டை போன்றவற்றை இந்த வயதுப் பிள்ளைகளின் கையில் உரிக்கவோ எண்ணவோ கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைக்கும்.

ஏழாம் படி: உச்சரிப்பு

தமிழ் பேசுகிறவருக்கு ஸ்பானிஷ் ஒலிகள் பெரும்பாலும் கைக்கு எட்டிய தூரம்தான், பயப்பட வேண்டாம். அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்து உயிரும் ஏறக்குறைய நம்முடையவை. 'நீஞா' (சிறுமி) என்பதில் வருவது நம் 'ஞ'. 'தேதோ' (விரல்) என்பதில் நடுவில் வரும் எழுத்து, 'அது' என்று சொல்லும்போது நாம் மென்மையாகச் சொல்லும் 'து'வின் ஒலி. ஆங்கிலத்தில் போல ப, த, க-வில் மூச்சைத் தள்ள வேண்டியதும் இல்லை. கவனிக்க வேண்டியது நாக்கு அதிரும் ரகரம். ஒருமுறை தட்டினால் 'பெரோ', அதாவது 'ஆனால்'. நாக்கு உருண்டால் 'பெர்ரோ', அதாவது 'நாய்'. 'மரம்', 'மறம்' என்று நாம் எழுத்தில் காப்பாற்றி வைத்திருக்கும் வேறுபாட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. குழந்தைக்கு அந்த உருளும் ஒலி வர சில வருஷம் ஆகும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான், திருத்த வேண்டாம்.

எட்டாம் படி: பேச்சு கலந்தால், பேச்சு நின்றால்

"ஆகுவா தா ஆயா" என்று கலந்து பேசுவது குழப்பத்தின் அறிகுறி அல்ல. கையில் இருக்கும் எல்லாச் சொல்லையும் குழந்தை பயன்படுத்துகிறது. நீங்கள் உங்கள் மொழியில் முழு வாக்கியமாகப் பதில் சொல்லுங்கள், அது போதும். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். புது மொழியில் புரிந்துகொண்டு, மாதக்கணக்கில் பேசாமல் இருப்பதும் உண்டு.

ஆனால் சிலவற்றை இரண்டு மொழியின் மேல் பழி போட்டுத் தள்ளிவிடக் கூடாது. 12 மாதம் ஆகியும் மழலை ஒலிகளோ கைநீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதம் ஆகியும் எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, வந்த பேச்சு நின்றுபோனது. இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் போங்கள், காது பரிசோதனையும் கேளுங்கள். "அவங்கப்பன் நாலு வயசுலதான் பேசினான்" என்று பெரியவர்கள் சொன்னாலும் போங்கள்.

ஒன்பதாம் படி: பள்ளி தேடுகிறவர்களுக்கு

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இப்படி ஓர் இடம் தேடினால், பலகையைப் பார்த்து நம்பாதீர்கள். மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆசிரியை பயிற்சி பெற்றது எந்த வயதுப் பிரிவுக்கு என்று கேளுங்கள். 0–3க்கும் 3–6க்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு. நடக்கத் தொடங்காத குழந்தைகளின் அறைக்கு 'நீதோ' என்று பெயர், இத்தாலியனில் கூடு என்று பொருள். அங்கே அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். துணி மாற்றும்போது ஆசிரியை குழந்தையின் முகத்தைப் பார்த்து ஸ்பானிஷில் பேசுகிறாரா, இல்லை வேலையை முடித்துவிட்டு அட்டையைக் காட்டி நிறங்களை ஒப்பிக்க வைக்கிறாரா? அதிலேயே தெரிந்துவிடும்.

பத்தாம் படி: பேசும் ஆள் ஊருக்குப் போய்விட்டால்

விடுமுறை முடிந்து ஸ்பானிஷ் பேசும் தாயோ தகப்பனோ கிளம்பிவிட்டால், சின்னக் குழந்தைக்கு மொழி சீக்கிரம் கழன்றுவிடும். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. 2 வயது தாண்டியிருந்தால் ஒரு வழி உண்டு: நேரடிக் காணொலி அழைப்பு. பதிவு செய்த படம் போல இல்லாமல், எதிரில் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறார் என்பதால் அதிலிருந்து கொஞ்சம் சொல் ஒட்டுகிறது. பக்கத்தில் ஒரு பெரியவரும் உட்கார வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு என் பழைய ஹூஸ்டன் வகுப்புத் தோழி கூப்பிடுவாள். அங்கே அப்போது காலை. அவள் தன் சமையலறையில் டம்ளர் கழுவுவாள், என் மகள் முற்றத்தில் தன் செம்பைக் கழுவுவாள். பதினைந்து நிமிடம், இருவரும் அவரவர் துணியால் துடைத்துக் கவிழ்த்து வைக்கும்வரை.